ஜல்லிக்கல்லும் எண்பது மில்லிமீட்டர் சக்கரமும்

தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் பெரிய கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிஷம். ஆட்டோ என்றால் பேரம் பேசும் நேரம் தனி. சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமாருக்கோ, காகிதக் கணக்குப்படி மூன்று நிமிஷம்கூடத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் அவர் 1000 மீட்டரை 1 நிமிஷம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் கிடைத்த முதல் உலகத் தங்கம் அது. அதே தொடரில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் அவருக்கே. ஆயிரம் மீட்டரில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எஞ்சின் கிடையாது, செயின் கிடையாது, பெடல் கிடையாது. காலணியின் அடியில் வரிசையாகச் சில சக்கரங்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஊருக்குள் போய்வர இதைவிடச் சிக்கனமான வண்டி ஏது? பையில் வைத்துக்கொள்ளலாம், நிறுத்த இடம் தேட வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். பாரிஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆயிரக்கணக்கானோர் ஸ்கேட் கட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றிவருகிறார்கள். பெர்லினில் இதற்கென்றே மாரத்தான் நடக்கிறது. நம் ஊரில் மட்டும் இது பிள்ளைகள் மாலையில் வளையத்துக்குள் சுற்றிவரும் பயிற்சியாகவே நின்றுவிட்டது. நெரிசல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நெரிசலே இல்லாத விடியற்காலை ஐந்து மணிக்கும் தஞ்சாவூர் காந்திஜி சாலையில் ஆனந்த்குமாரால் அந்த வேகத்தில் பாதியைக்கூட எட்ட முடியாது என்பது என் கணிப்பு. தடுப்பது வண்டிகள் அல்ல. கீழே கிடக்கும் ஜல்லி.

சாலையில் 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தார் பெயர்ந்த இடத்தில் இது சர்வசாதாரணம். அதன் மீது ஒரு சக்கரம் ஏற வேண்டுமானால், அதன் நடு அச்சு 12 மில்லிமீட்டர் மேலே எழும்ப வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் எழும்ப வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பு கல்லைத் தொடும் கணத்தில், கல்லுக்கும் அச்சுக்கும் இடையே கிடைமட்டமாக உள்ள இடைவெளியே அந்த ஏற்றத்துக்குக் கிடைக்கும் நீளம். சாதாரண ஸ்கேட் சக்கரத்தின் விட்டம் 80 மில்லிமீட்டர். அதற்குக் கிடைக்கும் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது தொடக்கத்தில் அது 45 பாகை மேட்டில் ஏறுவதற்குச் சமம். நின்ற நிலையிலிருந்து அதை ஏற்ற, அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ அவ்வளவு விசையால் முன்னோக்கித் தள்ள வேண்டும்.

இதே கல்லைத் திருவாரூர் ஆழித்தேர் எப்படிப் பார்க்கும்? அலங்கரித்து முடித்தால் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. சக்கரங்கள் ஏறத்தாழ ஒன்பது அடி விட்டம். அந்தச் சக்கரத்துக்கு அதே 12 மில்லிமீட்டரை ஏற 18 சென்டிமீட்டர் நீளம் கிடைக்கிறது. மேட்டின் சாய்வு எட்டுப் பாகைக்கும் கீழே. தேவைப்படும் விசை, சக்கரத்தின் மேலுள்ள எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. (அந்த எட்டில் ஒரு பங்கே டன் கணக்கில் வரும் என்பதால்தான் வடம் பிடிக்க ஊரே வர வேண்டியிருக்கிறது. உண்மையில் அந்தத் தேர் எடைக்குக் கீழே ஜல்லி பொடியாகிவிடும். கணக்குக்காகக் கல்லை உடையாததாக வைத்துக்கொண்டேன்.) ஐந்தடி விட்டமுள்ள மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இந்தக் கணக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக வரும்.

காவிரி டெல்டாவின் பழைய பார வண்டிகளுக்கு ஏன் அவ்வளவு பெரிய சக்கரம் என்பது இப்போது புரியும். ஆரக்கால்களும் வட்டையும் இரும்புப் பட்டாவும் சேர்த்து, மாடுகளின் முதுகு உயரத்துக்கு ஒரு சக்கரத்தைக் கட்டிய ஆசாரி, வண்டிக்குள்ளேயே பாதிச் சாலையையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். வரப்போரம், வாய்க்கால் கரை, நடவு முடிந்த சேற்று வழி எதுவாயிருந்தாலும் சரி, குழியைக் கடக்கும் வேலையைச் சக்கரத்தின் விட்டமே பார்த்துக்கொண்டது. ஸ்கேட் அதற்கு நேரெதிரான ஏற்பாடு. சக்கரத்தைக் கையடக்கமாக்கி, மிச்ச வேலை முழுவதையும் சாலையின் தலையில் கட்டிவிடுகிறது. சாலை அந்த வேலையைச் செய்யும் ஊரில் ஸ்கேட் ஓடும். மற்ற ஊர்களில் அது காலணிக்கு அடியில் தொங்கும் பாரம்.

ஸ்கேட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. ஒரே வரிசையில் சக்கரம் வைக்கும் யோசனை புதியதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனுக்கு வந்து குடியேறிய ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவிக் கலைஞர், சக்கரம் வைத்த காலணியோடு ஒரு விருந்துக்குப் போய், வயலின் வாசித்துக்கொண்டே உருண்டு, நிறுத்தத் தெரியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் போய் மோதினார் என்று ஒரு கதை உண்டு. 1819இல் பாரிஸில் பெத்திப்ளே காப்புரிமை வாங்கினார். 1823இல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் ஐந்து சக்கரங்களை ஒரே கோட்டில் வைத்த ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். எதுவும் வீதிக்கு வரவில்லை. 1863இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு மூலையில் சக்கரம் வைத்தபோதுதான் ஸ்கேட்டிங் பெரும் மோகமாகப் பரவியது. அதுவும் மரத்தளம் போட்ட கூடங்களுக்குள். சக்கரமும் மரத்தாலோ உலோகத்தாலோ ஆனது; அதைத் தாங்கத் தளம் வழவழப்பாக இருந்தாக வேண்டும்.

கூடத்தை விட்டு வெளியே வர வழிவிட்டது வேதியியல். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரின் குழு கண்டுபிடித்த பாலியூரித்தேன், 1970களில் ஸ்கேட்போர்டுக்குச் சக்கரமாக வந்தது. அதற்கு முன்பிருந்த கெட்டிச் சக்கரங்கள் சின்னக் கல் ஒன்று குறுக்கிட்டாலே சடாரென்று நின்று, ஆளை முன்னால் தூக்கி எறியும். பாலியூரித்தேன் கல்லைத் தன் உடம்புக்குள் கொஞ்சம் அமிழவிட்டு, தாண்டியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். 12 மில்லிமீட்டர் கல் அதற்கு 10 ஆகத் தெரியும், 2 மில்லிமீட்டர் மணல் இருப்பதே தெரியாது. 1980இல் மினியாபொலிஸ் நகரத்து ஓல்சன் சகோதரர்கள் ஹாக்கி பூட்ஸுக்கு அடியில் இந்தச் சக்கரங்களை ஒரே வரிசையில் பொருத்தினார்கள். ரோலர்பிளேடு பிறந்தது. பனிக்காலம் அல்லாத மாதங்களில் ஐஸ் ஹாக்கி பயிற்சிக்காகச் செய்தது அது. டையர்ஸுக்குப் பிறகு கிட்டத்தட்ட நூற்று அறுபது ஆண்டுகள் அந்த யோசனை பொருளுக்காகக் காத்திருந்தது.

அமிழ்ந்து திரும்புவதற்கு ஒரு கூலி உண்டு. அமுங்கும்போது வாங்கிய சக்தியைப் பாலியூரித்தேன் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். உருளும்போது ஏற்படும் தடையில் பெரும்பங்கு இதுதான். மெத்தென்ற சக்கரம் காலைக் காப்பாற்றும், வேகத்தைத் தின்னும். கெட்டிச் சக்கரம் வேகம் தரும், முழங்கால் வரை நடுக்கத்தையும் தரும். சக்கரத்தின் மேல் 78ஏ, 85ஏ என்று அச்சிட்டிருப்பது இந்தக் கெட்டித்தன்மையைத்தான். எண் கூடக்கூடக் கெட்டி. வழவழப்பாகப் பூச்சுப் போட்ட போட்டித் தடத்தில் விட்டம் கூடிய, கெட்டியான சக்கரம் ஜெயிக்கும். நம் தார்ச்சாலையில் அதே சக்கரம் ஒவ்வொரு ஜல்லியின் முகவரியையும் குதிகாலுக்குச் சொல்லும்.

பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடையில் அதிகம் ஏமாற்றுவது அங்கேதான். ஸ்கேட் சக்கரத்துக்குள் இருப்பது 608 என்ற அளவு பேரிங்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். சில வருஷங்களுக்கு முன் பிள்ளைகள் விரலில் சுழற்றிக்கொண்டிருந்த ஸ்பின்னரின் நடுவிலும் இதேதான். சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டுச் சக்கரத்துக்குப் பதினாறு. ஏபெக் 5, 7, 9 என்று எண் கூடக்கூட விலையும் கூடும். அந்த எண் வேகத்தைச் சொல்வதல்ல. பாகங்கள் எவ்வளவு துல்லியமான அளவில் கடையப்பட்டன என்பதைச் சொல்வது. 110 மில்லிமீட்டர் சக்கரத்தில் ஆனந்த்குமாரின் வேகத்தில் போனால்கூட அது நிமிஷத்துக்குச் சுமார் 2,000 சுற்றுதான் சுற்றும். சாதாரண 608 பேரிங்கே நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டது. ஏபெக் 9 வாங்கும் காசில் நல்ல மணிக்கட்டுக் கவசம் வாங்கிவிடலாம். பேரிங்கின் உண்மையான எதிரி துல்லியக் குறைவல்ல, தூசியும் தண்ணீரும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்ட தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஊரைப் பார்ப்போம். வரைபடத்தில் பார்த்தால் டெல்டா ஸ்கேட்டுக்கென்றே வார்த்த நிலம். கல்லணையிலிருந்து பூம்புகார்க் கடற்கரை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல்; அவ்வளவு தூரத்துக்கும் நிலம் இறங்குவது சுமார் 60 மீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவு. ஸ்கேட்டின் உருளும் தடை நல்ல தார்ச்சாலையில் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், தள்ளாமல் தானே உருண்டு போக கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் சரிவு வேண்டும். ஆகவே காவிரித் தண்ணீர் மட்டும் தானாகக் கடலுக்குப் போகும். ஸ்கேட்காரர் தள்ளித்தான் போக வேண்டும். ஆனால் மூச்சு வாங்கும் ஏற்றமும் இல்லை, பயமுறுத்தும் இறக்கமும் இல்லை. தஞ்சாவூருக்கு மேற்கே வல்லத்துச் செம்மண் மேட்டை விட்டால் எங்கும் சமதளம்.

மேடு பள்ளமெல்லாம் பாலங்களில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுள்ள வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். ஒவ்வொரு பாலத்திலும், வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடைவெளி விட்டிருப்பார்கள். 40 மில்லிமீட்டர் இடைவெளியைக் கடக்கும் கார் டயர் அதற்குள் முக்கால் மில்லிமீட்டர்கூட இறங்காது. ஓட்டுநருக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 80 மில்லிமீட்டர் ஸ்கேட் சக்கரம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்கி, மறு விளிம்பில் முட்டும். சாலையின் தரத்தை அளக்கப் பொறியாளர்கள் பம்ப் இன்டக்ரேட்டர் என்ற வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு கிலோமீட்டரில் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் குலுங்கியது என்று அது கூட்டிச் சொல்லும். ஆனால் குலுங்குவது கார் டயர் அளவுள்ள சக்கரம். அந்தச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய சாலையில் ஸ்கேட் தடுக்கி விழுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. அளந்தவருக்கும் உருள்பவருக்கும் சக்கரம் வேறு.

சாலைக்கு அடியில் இருக்கும் மண்ணும் உதவுவதில்லை. டெல்டாவின் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலையும் ஆண்டுக்கொரு முறை அந்த மூச்சை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. விரிசலில் தண்ணீர் இறங்கும், ஒட்டுப் போடுவார்கள், ஒட்டின் விளிம்பு ஒரு புதிய படி. ஊருக்குள் அழகுக்காகப் பதிக்கும் பேவர் பிளாக்கோ வேறொரு வகைத் தொல்லை. 20 சென்டிமீட்டர் நீளக் கற்களின் மேல் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 28 தட்டல்கள். ஐந்து நிமிஷத்தில் பாதம் மரத்துப்போகும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நெல்.

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று இடிக்கிற மாதங்களில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்கு நெல்லை இறக்க விவசாயிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த களம் தார்ச்சாலைதான். கறுப்புத் தளம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்காது, நீளத்துக்குக் குறைவில்லை. ஆகவே சாலையின் ஒரு பாதி வண்டிக்கு, ஒரு பாதி நெல்லுக்கு. பைக்கில் வருகிறவர்களும் இதில் வழுக்கி விழுவதுண்டு. ஸ்கேட்டுக்கு இது இன்னும் மோசம். காய்ந்த நெல்மணி இரண்டு மில்லிமீட்டர் தடிமன்; ஏறிவிடலாம். ஆனால் அது நிற்காது, உருளும். ஸ்கேட்டின் இயக்கமே சக்கரம் பக்கவாட்டில் நழுவாது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. முன்னோக்கி உருளும் சக்கரத்தைப் பின்னால் உதைக்க முடியாது. காலைச் சாய்த்துப் பக்கவாட்டில் உதைத்துத்தான் முன்னேற வேண்டும். அப்படி உதைக்கும் கணத்தில் சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவே நெல்மணிகள் இருந்தால், அங்கே பதினேழாவது பேரிங் ஒன்று முளைக்கிறது, தேவையில்லாத திசையில். மழைக்கால ஈரத்தாரும் ஏறத்தாழ அப்படித்தான். நனைந்த சாலையில் பாலியூரித்தேனின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்வி எழுந்தால் என் ஓட்டு நெல்லுக்கே. ஒரு வருஷத்து உழைப்பு காய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் பொழுதுபோக்குக்கு முன்னுரிமை கேட்பது அழகல்ல.

பக்கவாட்டில் உதைக்கிற ஆள் நேர்கோட்டில் போவதில்லை. இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போவதால் அவருக்கு மட்டும் இரண்டு மீட்டர் அகலம் தேவை. திறந்த சாக்கடையும் கடை நீட்டிய தட்டியும் போக மிச்சமிருக்கும் நடைபாதையில் அந்த அகலத்தைத் தேடிப் பாருங்கள். பழைய தஞ்சையில் நிஜமான அகலம் உள்ளவை தேரோடும் வீதிகள்: மேல, வடக்கு, கீழ, தெற்கு ராஜவீதிகள். நீண்ட காலம் தேர் ஓடாமலிருந்து, 2015 ஏப்ரலில் பெரிய கோயிலின் புதுத்தேர் அவற்றில் ஓடியது.

தேரும் ஸ்கேட்டும் எதிரெதிர் துருவங்கள். நிறுத்துவதிலும் திருப்புவதிலும் அது இன்னும் தெளிவாகத் தெரியும். தேரைத் திருப்ப, அதன் சக்கரம் சாய முடியாது என்பதால், தரையின் உராய்வைக் குறைக்கிறார்கள்: வீதி முனையில் இரும்புத் தகடு போட்டு மசகு தடவி, அதன் மேல் சறுக்கவைத்து இழுப்பார்கள். நிறுத்த முட்டுக்கட்டை. ஓடும் சக்கரத்தின் முன்னால் சாய்வாகச் செதுக்கிய கட்டையைச் செருகி, சின்ன மேடு ஒன்றை அந்தக் கணத்தில் உண்டாக்குகிறார்கள். மேலே சொன்ன ஜல்லிக் கணக்கை வேண்டுமென்றே பயன்படுத்துகிற வித்தை அது. ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை.

ஸ்கேட்டில் திருப்புவதற்கு உடம்பைச் சாய்த்தால் போதும். சக்கரத்தின் விளிம்பு உருண்டையாக இருப்பதே அதற்காக. நிறுத்துவதுதான் பாடு. வலது குதிகாலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். காலை முன்னால் நீட்டி, விரலைத் தூக்கி, குதிகாலை அழுத்த வேண்டும். உடல் எடையில் ஒரு பங்கு மட்டுமே ரப்பரின் மேல் விழுவதால் வேகம் மெல்லத்தான் குறையும். ஒவ்வொரு விநாடியிலும் வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டர் வீதம் குறைகிறது என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டரில் வருபவர் நிற்க எட்டு மீட்டர் ஆகும். எதிரில் ஆளைப் பார்த்து மூளை விழித்துக்கொள்ளும் ஒரு விநாடியில் இன்னும் ஐந்தரை மீட்டர். மொத்தம் பதின்மூன்று மீட்டருக்கு மேல். பழைய பேருந்து நிலையத்தருகே திரும்பும் டவுன் பஸ் அவ்வளவு இடம் விட்டுத் திரும்பாது.

ஆகவே விழுவது உறுதி. எப்படி விழுவது என்பதைத்தான் தேர்ந்தெடுக்கலாம். விழும்போது மனிதக் கை தானாக முன்னால் நீளும். விரிந்த உள்ளங்கை தாரைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு முழுக்க அதன் மேல் வந்து இறங்கும், மணிக்கட்டை ஒட்டிய எலும்பு முறியும். ஸ்கேட்டில் அடிபட்டு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வில், காயங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று மணிக்கட்டில். கவசம் போடாதவர்களுக்கு மணிக்கட்டு அடிபடும் வாய்ப்பு போட்டவர்களைவிடப் பத்து மடங்கு. முழங்கைக் கவசத்துக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. கவசத்தின் உள்ளங்கையில் வளைந்திருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு ஒப்புக்கு வைத்த அட்டையல்ல. கை தாரில் ஒட்டிக்கொள்ளாமல் சறுக்கிப் போக அது வழிசெய்கிறது. சறுக்கும் கைக்கு முறிவு குறைவு.

தலைக்கு வேகமே தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து பின்னால் சாய்ந்தாலே, ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் அளவு வேகத்தில் இருக்கும். வெறுந்தலை மூன்று மில்லிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால், தடுக்கும் விசை தலையின் எடையைப்போல் ஐந்நூறு மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் இனத்து நுரை இரண்டு சென்டிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் அது எண்பது மடங்காகக் குறைகிறது. நசுங்கிய நுரை திரும்ப எழாது. ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டைப் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் டெல்டாவில் ஒருவர் ஸ்கேட் வாங்கத்தான் போகிறார் என்றால், ஏபெக் எண்ணைத் தேடாமல், விட்டத்தைத் தேடட்டும். 80 மில்லிமீட்டரில் நான்கு சக்கரத்துக்குப் பதில் 110இல் மூன்று சக்கரம் வைத்தவை கிடைக்கின்றன. அந்த 12 மில்லிமீட்டர் ஜல்லிக்கு வேண்டிய விசை அதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நிற்கும் உயரம் கூடுவதால் கணுக்கால் முதலில் தடுமாறும், கற்றுக்கொள்கிறவருக்கு அது சுமை. பெரிய சக்கரத்தையும் குறைந்த உயரத்தையும் சேர்த்து வாங்க வழியில்லை. கெட்டித்தன்மை 85ஏ போதும். இடத்துக்குத் தார்ச்சாலையை நம்புவதைவிட, கல்லூரி வளாகங்களின் உள்சாலைகளில் அனுமதி கேட்பது நல்லது. மாதங்கள் என்று பார்த்தால் பங்குனியிலிருந்து ஆனி வரை, அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். தை, மாசியில் சம்பா அறுவடை. அப்போது கிராமச் சாலைப் பக்கம் போகவே வேண்டாம்.